கையை எடுங்க சார்

நேயர்களுக்கு வணக்கம்.

கடவுள் நம்பிக்கை என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதானா என்ற கேள்வியைக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு வேதாந்தத்திலிருந்தும் வரலாம், நாத்திகத்திலிருந்தும் வரலாம். நான் ஒரு கரண்டிப் பாலிலிருந்து வருகிறேன்.

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பிள்ளையார் பால் குடித்த நாள். விடியற்காலையில் டெல்லியில் கிளம்பிய பேச்சு, பொழுது சாய்வதற்குள் நாடு முழுக்கப் பரவி லண்டன் வரை போய்விட்டது. வாட்ஸ்அப் எல்லாம் கிடையாது, வெறும் தொலைபேசிதான். நான் அப்போது பள்ளியில் இயற்பியல் வாத்தியார். சாயங்காலம் வீடு திரும்பும்போது எங்கள் தெருமுனை அரசமரத்தடிப் பிள்ளையாருக்கு முன்னால் ஐம்பது அறுபது பேர், ஆளுக்கொரு டம்ளரும் கரண்டியுமாக. நானும் வரிசையில் நின்றேன். வேடிக்கை பார்க்கத்தான் நின்றேன் என்று இத்தனை நாளும் சொல்லி வந்திருக்கிறேன். உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையும் இருந்தது.

என் முறை வந்தது. தளும்பத் தளும்ப நிறைந்த கரண்டியைத் தும்பிக்கையில் வைத்துச் சற்றே சாய்த்தேன். பால் சரசரவென்று குறைந்தது. உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் வாத்தியார் புத்தி விழித்துக்கொண்டது. இடது கை விரலைத் தும்பிக்கைக்கு அடியில் வைத்தேன். ஈரம். காலையிலிருந்து நனைந்து கிடந்த கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் பால் இறங்கி, இடுப்பில் கட்டியிருந்த துண்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. துண்டின் ஓரத்தைத் தொட்டால் சொதசொதவென்று இருந்தது. பரப்பு இழுவிசை! கரண்டியின் விளிம்புக்கு மேல் உப்பி நிற்கும் பால் கல்லைத் தொட்டவுடன் இழுபடும். வழி கிடைத்துவிட்டால் மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். டெல்லியிலும் அரசாங்க விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து, அது சிலை மேல் வழிவதை எல்லோருக்கும் காட்டினார்கள்.

இதெல்லாம் தெரிந்த கதைதான். எனக்கு மறக்காதது வேறு. விரலை அங்கே வைத்திருந்தபோது பின்னால் நின்ற ஒருவர், கோபமில்லாமல், கெஞ்சுவதுபோல மெதுவாகச் சொன்னார்: "சார், கையை எடுங்க சார்."

அந்தக் குரலைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பிள்ளையார்தான் குடிக்கிறார் என்பதில் அவருக்கு முழு நிச்சயம் இருந்திருந்தால் என் விரல் அவரை என்ன செய்துவிடும்? இருந்தால் இருக்கட்டும் என்று விட்டிருப்பார். விரல் நனையும் என்பது அவருக்கும் எங்கோ ஒரு மூலையில் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் கையை எடுக்கச் சொன்னார். தெரியாமல் நம்புகிறவன் ஏமாந்தவன், அவ்வளவுதான். தெரிந்த ஒன்றைப் பார்க்காமலிருக்க ஏற்பாடு செய்துகொள்கிறானே, அவன்தான் தன்னை ஏமாற்றிக்கொள்கிறான்.

அவரை இளப்பமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், என் கதையையும் கேளுங்கள். சில வருஷம் கழித்து எனக்கு நெஞ்சில் ஓர் அழுத்தம் வந்து வந்து போனது. வாயு என்று முடிவுகட்டினேன். இஞ்சிச் சாறு, சோடா, ஓமவாட்டர். ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது. அந்த வருஷம் தலைமையாசிரியரிடம் போய், மாடி வகுப்பு வேண்டாம், கீழ் வகுப்பாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். முழங்கால் வலி என்று காரணம் சொன்னேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. வாயுதான் என்று நான் நிஜமாகவே நம்பியிருந்தால் மாடிப்படிக்கு ஏன் பயப்பட வேண்டும்? ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் இந்தக் கேள்வியே எனக்கு உறைத்தது. இதில் சாமியும் இல்லை, பூதமும் இல்லை.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்று ஒரு விவசாயி இருந்தார். பைபிளில் தானியேல் ஆகமத்தில் வரும் 2300 நாட்களை வருஷங்களாக எடுத்துக் கணக்குப் போட்டு, இயேசு 1843 வாக்கில் திரும்பி வருவார் என்ற முடிவுக்கு வந்தார். அந்த முடிவுக்கு அவர் வந்தது 1818-ல். கணக்கில் பிழை இருக்குமோ என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்து, 1831-ல்தான் ஊரறியப் பேசத் தொடங்கினார். சொன்ன காலம் தப்பியது. இயக்கத்தில் இருந்த இன்னொருவர் கணக்கைத் திருத்தி 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார், கடைசியில் மில்லரும் அதை ஏற்றார். அறுப்பு நேரம் அது. எப்படியும் உலகம் முடியப்போகிறது என்று சிலர் விளைச்சலை வயலிலேயே விட்டுவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் விடிய விடிய விழித்திருந்தார்கள். பொழுது விடிந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

என்ன செய்வார்கள் பாவம்! பலர் விலகிப்போனார்கள். ஒரு பகுதியினர், நாள் சரிதான், நிகழ்ச்சி பூமியில் அல்ல, பரலோகத்தில் நடந்தது என்று விளக்கம் கண்டார்கள். எந்த விரலும் எட்டாத இடம். அந்தக் கிளையிலிருந்து 1863-ல் ஒரு சபையே உருவாகி இன்றும் இருக்கிறது. அவர்களுக்கு அது ஏமாற்று அல்ல, வெளிச்சம். நான் வெளியிலிருந்து பார்க்கிறவன், எனக்குக் கை எடுக்கப்பட்டதுபோல்தான் தெரிகிறது. மில்லர் அந்த விளக்கத்துக்குப் போகவில்லை. கணக்குத் தப்பிவிட்டது என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார். இயேசு வருவார் என்பதை மட்டும் விடவில்லை, 1849-ல் சாகும்வரை காத்திருந்தார். மில்லருக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அன்னை தெரசா இறந்து பத்து வருஷம் கழித்து, 2007-ல், அவருடைய கடிதங்கள் வெளிவந்தன. கடவுள் தன்னோடு இருக்கிறார் என்ற உணர்வே இல்லாமல், இருட்டிலும் வெறுமையிலும் பல பத்தாண்டுகளைக் கழித்ததாகத் தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கடிதங்களை அழித்துவிடுங்கள் என்றும் கேட்டிருந்தாராம். வெளியே சிரிப்பு, உள்ளே இருட்டு, இது வேஷம் இல்லையா என்று அப்போதே எழுதினார்கள். வெளியுலகத்திடம் மறைத்தார் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். தனக்குத் தானே மறைத்துக்கொள்ளவில்லையே! விரலை வெறுமையின் மேலேயே வைத்துக்கொண்டு, மறுநாளும் எழுந்து தொழுநோயாளிகளிடம் போயிருக்கிறார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எனக்குக் கடவுள் நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் ஏமாற்றுக் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலத்துக்கே திரும்புகிறேன். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் ஜெயித்துவிட்டு வந்தவன்போலச் சொன்னேன். நாள் தவறாமல் அந்தப் பிள்ளையாருக்கு விளக்குப் போடுகிறவர் அம்மா. அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டார்.

"வழிஞ்சுதா?"

"ஆமாம்மா. துண்டெல்லாம் ஊறிப்போச்சு."

"அத்தனை பாலும் அங்கேயேவா கெடக்கு? எறும்பு மொய்ச்சிடுமே. ரெண்டு குடம் தண்ணி ஊத்திட்டு வரக் கூடாது?"

குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். வரிசை இன்னும் கலையவில்லை.