ஒரு ஜாடி மண்

அனைவருக்கும் வணக்கம்.

இந்த மாதக் கூட்டத்துக்கு என்னை அழைத்தபோது, "ஒரு படத்தைப் பற்றி வேண்டாம், அந்தப் படத்தின் ரசிகர்களைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். எந்தப் படம் என்று நான் யோசிக்கவே இல்லை. 2006 ஜூலை 7ஆம் தேதி அமெரிக்காவில் வெளியான 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' இரண்டாம் பாகம், 'டெட் மேன்ஸ் செஸ்ட்'. அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தை வைத்து என் தோழிகளோடு போட்ட சண்டை மாதிரி வேறு எந்தப் படத்துக்கும் போட்டதில்லை.

இரண்டாம் பாகத்தை யாரும் வெறும் கையோடு பார்க்கப் போவதில்லை. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். முதல் படத்துக்குப் போகும்போது நமக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவதுக்குப் போகும்போது மனதுக்குள் ஏற்கெனவே ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் வருவது அதோடு மோதுகிறது. அந்த மோதலின் சத்தத்தைத்தான் ரசிகர்களின் கருத்து என்று சொல்கிறோம்.

முதல் படம் வந்தது 2003இல். அதற்குமுன் ஹாலிவுட்டில் கடற்கொள்ளைக் கதை என்றாலே தயாரிப்பாளர்கள் ஒதுங்கிப் போவார்கள். 1995இல் பெரும் செலவில் எடுத்த ஒரு படம் படுதோல்வி அடைந்திருந்தது. போதாக்குறைக்கு இதுவோ டிஸ்னிலேண்டில் 1967இல் தொடங்கிய ஒரு படகுச் சவாரியை வைத்து எடுக்கும் படம். சவாரியில் என்ன கதை இருக்கப்போகிறது? யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஜாக் ஸ்பாரோ என்ற கடற்கொள்ளைக்காரனாக நடிகர் ஜானி டெப் வந்து நின்றார். கண்ணுக்கு மை, பல்லில் தங்கம், தரையில் நடக்கும்போதும் கப்பலில் நடப்பதுபோல ஓர் ஆட்டம். ராக் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸை மனதில் வைத்துத்தான் அந்தப் பாத்திரத்தை உருவாக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். படப்பிடிப்பு நடந்தபோது டிஸ்னி மேலிடத்தில் சிலர் பதறிப்போனார்கள். கடைசியில் அந்த நடிப்புக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஆக, முதல் படத்தின் ரசிகர் ஒவ்வொருவரும் தாங்களே கண்டெடுத்த புதையல் மாதிரி அந்த ஜாக் ஸ்பாரோவை வைத்திருந்தார்கள். மூன்று வருடம் அப்படியே பொத்தி வைத்திருந்தார்கள்.

முதல் படத்தில் அவன் அறிமுகமாகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கம்பீரமான இசை. பாய்மர உச்சியில் ஒருவன் காற்றை எதிர்த்து நிற்கிறான். கேமரா கொஞ்சம் விலகியதும் தெரிகிறது, அது கப்பல் இல்லை, தண்ணீர் புகுந்த ஒரு சின்னப் படகு. கீழே இறங்கி வாளியால் தண்ணீரை இறைக்கிறான். படகு மூழ்கிக்கொண்டே வந்து துறையை நெருங்குகிறது. பாய்மரத்தின் உச்சி மட்டும் மிச்சமிருக்கும் அதே நொடியில் அவன் காலெடுத்து மரப்பாலத்தில் வைக்கிறான். ஒரு சொட்டுகூட நனையவில்லை.

இப்போது இரண்டாம் படம். இரவு. ஒரு சிறைக்கோட்டையிலிருந்து சவப்பெட்டிகளைக் கடலில் வீசுகிறார்கள். மிதந்து போகும் ஒரு பெட்டியின்மேல் காகம் வந்து உட்கார்ந்து கொத்துகிறது. பெட்டிக்குள்ளிருந்து துப்பாக்கி வெடிக்கிறது. உடைந்த ஓட்டை வழியாக ஒரு கை வருகிறது. ஜாக் எழுந்து உட்கார்ந்து, கூடப் படுத்திருந்த பிணத்திடம் மரியாதையாக மன்னிப்பு கேட்டுவிட்டு, அதன் காலை முறித்துத் துடுப்பாக்கிக்கொள்கிறான்.

முதலாவதில் மூழ்குகிற படகிலிருந்து நனையாமல் வந்தவன், இரண்டாவதில் சவப்பெட்டியைப் படகாக்கிக்கொண்டு வருகிறான். அதே ஆள், அதே சாமர்த்தியம். ஆனால் இந்த முறை சாவு கூடவே படுத்திருக்கிறது. இயக்குநர் கோர் வெர்பின்ஸ்கியும், எழுதிய டெட் எலியட், டெரி ரோஸியோ இருவரும் ரசிகரின் மனதில் ஓடும் படத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு காட்சியே எனக்குப் போதும். பழையதையே கொடுத்திருந்தால் அரங்கம் கை தட்டிவிட்டு மறந்திருக்கும்.

மக்கள் எப்படிப் போய்ப் பார்த்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 13 கோடியே 56 லட்சம் டாலர். அதுவரை எந்தப் படமும் தொடாத வசூல். உலகம் முழுக்க 106 கோடி டாலருக்கு மேல். 100 கோடியைத் தாண்டிய மூன்றாவது படம் இது. நள்ளிரவுக் காட்சிகளுக்குத் தலையில் சிவப்புத் துணி கட்டி, தாடியில் மணி கோத்து, கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

ஆனால் பல விமர்சகர்கள் அலுத்துக்கொண்டார்கள். 151 நிமிடம், ரொம்ப நீளம் என்றார்கள். கதை புரியவில்லை என்றார்கள். பெட்டி ஒன்று, அதற்குச் சாவி ஒன்று, மனதில் உள்ளதைக் காட்டும் திசைகாட்டி ஒன்று, யாருக்கோ எழுதிய மன்னிப்புக் கடிதம் ஒன்று. இத்தனையும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பின்தொடரவே முடியவில்லை என்றார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எனக்கும் முதல் தடவை சாவி யாரிடம் இருந்தது என்று நடுவில் குழம்பிவிட்டது. ஆனால் விமர்சகர் ஒரு தடவைதான் பார்க்கிறார். ரசிகர் நான்கு தடவை பார்க்கிறார். குழப்பமாக இருந்த இடங்களெல்லாம் அவருக்குத் திரும்பப் போவதற்குக் காரணமாகிவிட்டன.

அந்த ஜாடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. படத்தின் வில்லன், பேய்க் கப்பலின் தலைவன் டேவி ஜோன்ஸ் பத்து வருடத்துக்கு ஒரு தடவைதான் கரையில் கால் வைக்க முடியும். அதனால் டியா டால்மா என்ற மந்திரக்காரி ஜாக்கிடம் ஒரு ஜாடி மண்ணைக் கொடுத்து அனுப்புகிறாள். கரையை விட்டு எவ்வளவு தூரம் போனாலும் கரை உன் கூடவே இருக்கும் என்று அதற்கு அர்த்தம். ஜாக் பின்னால், அந்தப் பெட்டிக்குள் பூட்டியிருந்த டேவி ஜோன்ஸின் இதயத்தையே அந்த மண்ணுக்குள் புதைத்துவிடுகிறான். பிறகு அந்தக் கொடூரமானவன் எதிர்க் கப்பலில் வந்து நிற்கும்போது, ஜாடியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, சின்னப்பிள்ளை பழிப்புக் காட்டுகிற ராகத்தில், "என்கிட்ட ஜாடி மண்ணு இருக்கே, ஜாடி மண்ணு இருக்கே!" என்று ஆடுகிறான். இதயத்தை முன்னாள் கடற்படை அதிகாரி நாரிங்டன் எப்போதோ சுருட்டிக்கொண்டு போய்விட்டான் என்பது அவனுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஜாடி கீழே விழுந்து உடைகிறது. உள்ளே மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை.

அந்த ஒரு வரியை ரசிகர்கள் விடவே இல்லை. இசை சேர்த்துப் பாட்டாக்கினார்கள், வீட்டில் ஜாடியில் மண் போட்டு வைத்துக்கொண்டார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். ஏன் இவ்வளவு பிடித்துப்போனது? வேடிக்கைக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றுமில்லாத ஜாடியைப் பிடித்துக்கொண்டு சாவைப் பார்த்துப் பாட்டுப் பாடுகிறான் அல்லவா, அந்தத் தைரியம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. பயந்துபோய் இருக்கிற ஒருவனின் தைரியம் அது.

டேவி ஜோன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பில் நை படப்பிடிப்புத் தளத்தில் புள்ளிகள் ஒட்டிய சாம்பல் நிற உடையில் நடித்தார். தாடிக்குப் பதில் நெளியும் அந்தக் கணவாய்க் கைகள் உட்பட, முகம் முழுவதும் கணினியில் செய்தது. கண்கள் மட்டுமாவது உண்மையானவை, சுற்றி ஒப்பனை போட்டிருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னவர்கள் நிறையப் பேர். அதற்குத்தான் அந்த ஆண்டின் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது.

சரி, இப்போது சண்டைக்கு வருகிறேன். இந்தப் படங்களின் நாயகி, எலிசபெத்.

படத்தின் முடிவில் கிராக்கன் என்கிற கடல் பூதம் கப்பலை விழுங்க வருகிறது. அதற்கு வேண்டியது ஜாக் ஒருவன்தான். மற்றவர்கள் படகில் இறங்குகிறார்கள். எலிசபெத் ஜாக்கை நெருங்கி முத்தமிடுகிறாள். முத்தமிட்டுக்கொண்டே அவன் கையைப் பாய்மரத்தோடு விலங்கிட்டுவிடுகிறாள். எனக்கு வருத்தமில்லை என்கிறாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்து, "கொள்ளைக்காரி" என்கிறான். படகிலிருந்து, அவளை மணக்கவிருந்த வில் டர்னர் முத்தத்தை மட்டும் பார்க்கிறான். விலங்கைப் பார்க்கவில்லை.

ரசிகர்கள் அன்றைக்கே இரண்டாகப் பிரிந்தார்கள். எலிசபெத் வில்லுக்குத்தான் என்பவர்கள் 'வில்லபெத்' கட்சி. ஜாக்குக்குத்தான் என்பவர்கள் 'ஸ்பாரபெத்' கட்சி. பெயர்கள் அவர்களே வைத்துக்கொண்டவை. ஒவ்வொரு கட்சியும் ஆதாரம் தேடியது. அவரவர் மனதுக்கு மிகவும் வேண்டியதைக் காட்டும் அந்தத் திசைகாட்டி, எலிசபெத் கையில் இருக்கும்போது ஜாக் பக்கம் திரும்பியதே, பார்த்தீர்களா என்றது ஒரு கட்சி. அது காதல் இல்லை, சுதந்திரத்தின்மேல் அவளுக்கு உள்ள ஆசை என்றது இன்னொன்று. தப்பித்துப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த ஜாக்கும் அந்தத் திசைகாட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கப்பலுக்குத் திரும்பி வருகிறான். அவன் திரும்பி வந்தது அவளுக்காகவா, கப்பலுக்காகவா, தன் மானத்துக்காகவா? நாங்கள் இதை ஒரு செமஸ்டர் முழுக்கப் பேசினோம்.

இன்னொரு கூட்டமும் இருந்தது, அவளை மன்னிக்கவே முடியாது என்றவர்கள். பெண் ஒருத்தி முத்தத்தை ஆயுதமாக எடுத்தாள், தங்கள் நாயகனைக் கொன்றாள் என்ற ஆத்திரம் அவர்களுக்கு. நான் அன்றைக்கும் எலிசபெத் பக்கம்தான், இன்றைக்கும் அப்படித்தான். முதல் படத்தில் ஆளுநர் மகளாக, மூச்சு முட்டும் உடுப்புக்குள் இருந்தவள். வில் நல்லவன், யாரையும் பலி கொடுக்க அவனால் முடியாது. ஜாக் கெட்டிக்காரன், தன்னைத் தவிர யாரை வேண்டுமானாலும் பலி கொடுப்பான். படகில் இருந்த எல்லோரையும் காப்பாற்றும் கொடுமையான முடிவை எடுக்க அந்தக் கப்பலில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அந்தப் பாவத்தை அவளே சுமந்தாள். அவளைத் திட்டினவர்களையும் எனக்குப் புரிகிறது. அவர்கள் கையில் கொண்டுவந்தது முதல் படத்தின் எலிசபெத்தை. அவள் இங்கே இல்லை.

ஆனால் ஜாக் ஸ்பாரோ படம் பார்க்கப் போகிறவர்கள் மட்டுமே இந்தப் படத்துக்கு எதிர்வினை காட்டவில்லை. டிஸ்னிலேண்ட் சவாரியை 2006இல் மாற்றி ஜாக்கின் உருவத்தை உள்ளே வைத்தபோது, சின்ன வயதிலிருந்து அந்தப் படகில் போய்வந்த பழைய ரசிகர்கள் சிலர் வருந்தினார்கள். அவர்களுக்குச் சவாரிதான் மூலம்.

அதைவிடக் கனமானது டொமினிகாவிலிருந்து வந்தது. கரீபியனில் உள்ள சின்னத் தீவு நாடு அது. 2005இல் இந்தப் படத்தின் ஒரு பகுதியை அங்கே எடுத்தார்கள். அந்தத் தீவின் பூர்வகுடிகள் கலினாகோ மக்கள். சுமார் 3,000 பேர் தங்களுக்கென ஒதுக்கிய பகுதியில் வாழ்கிறார்கள். ஐரோப்பியர்கள் அவர்களைக் கரிப் என்று அழைத்தார்கள். கரீபியன் கடலுக்கே பெயர் அவர்களிடமிருந்துதான் வந்தது. நரமாமிசம் தின்பவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே பெயரிலிருந்துதான் வந்தது. கொலம்பஸ் காலத்தில் அவர்கள்மேல் சுமத்திய பழி, சொல்லாகவே நிலைத்துவிட்டது. இந்தப் படத்தில் ஒரு தீவில் ஜாக்கைத் தெய்வமாக்கி, பிறகு நெருப்பில் வாட்டித் தின்னக் காத்திருக்கும் கூட்டம் ஒன்று வருகிறது. அப்போதைய கரிப் தலைவர் சார்ல்ஸ் வில்லியம்ஸ், படப்பிடிப்புக்கு முன்பே இதை எதிர்த்துப் பேசினார். எங்கள் மூதாதையர் தங்கள் நிலத்தைக் காக்கத்தான் போராடினார்கள், அவர்களை இப்படிக் காட்டாதீர்கள் என்பது அவருடைய வாதம். காட்சி மாறவில்லை. கலினாகோ மக்களில் பலர் அதே படத்தில் துணை நடிகர்களாக வேலை பார்த்தார்கள். வேலை தேவைப்பட்டது.

எலும்புக் கூண்டுக்குள் ஆட்கள் உருண்டோடும் அந்தக் காட்சியில் முதல் தடவை நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். இதைப் படித்த பிறகு அந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை. படம் எனக்குப் பிடிக்கும் என்பதில் மாற்றமில்லை. கலினாகோ மக்களும் வெறும் கையோடு வரவில்லை. அவர்கள் கொண்டுவந்தது ஐந்நூறு வருடத்துப் பழி.

கடைசியாக, முடிவைப் பற்றி. கப்பல் போய்விட்டது, ஜாக் போய்விட்டான். எல்லோரும் டியா டால்மாவின் குடிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவனை மீட்க உலகத்தின் எல்லைவரை போவீர்களா என்று கேட்கிறாள். ஒவ்வொருவராகச் சம்மதிக்கிறார்கள். அந்தக் கடலைத் தெரிந்த ஒரு தலைவன் வேண்டும் என்கிறாள். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். இறங்கி வருவது பார்போசா. முதல் படத்தின் வில்லன், சாபம் பிடித்த கொள்ளைக்காரன், அதன் முடிவில் செத்தவன். பச்சை ஆப்பிளைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறான். அவ்வளவுதான், படம் முடிந்தது.

நான் பார்த்த அரங்கில் ஒரு நொடி சத்தமே இல்லை, அப்புறம் விசில் பறந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே விளக்கைப் போட்டுவிட்டார்கள். பட்டியல் முடிந்த பிறகு அந்தத் தீவில் நாய் ஒன்று அரசனாக உட்கார்ந்திருக்கும் காட்சி வருகிறது என்பதே தெரியாமல் வெளியே வந்தோம். அடுத்த படத்துக்கு 2007 மே வரை காத்திருக்க வேண்டும். வார இதழில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு 'தொடரும்' என்ற சொல் என்ன செய்யும் என்று தெரியும். அது பத்து மாதத்துக்கு நீண்டால் எப்படி இருக்கும்? அந்தப் பத்து மாதத்தில்தான் ரசிகர்கள் மூன்றாம் படத்தை ஆளுக்கொன்றாக எழுதி முடித்தார்கள்.

போன விடுமுறையில் என் அக்கா மகளுக்கு இந்த இரண்டு படங்களையும் போட்டுக் காட்டினேன். பன்னிரண்டு வயது. பார்போசா படியிறங்கியதும் "இவர் செத்துட்டாருல்ல சித்தி?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அடுத்த படத்தைப் போட ரிமோட்டை எடுத்தாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு நாளாவது காத்திரு என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே சமையலறைக்கு வந்தாள். வாயில் நுரையோடு கேட்டாள்: "சித்தி, சாபத்துல இருந்தப்ப அவருக்கு எதைச் சாப்பிட்டாலும் ருசியே தெரியாதுல்ல? சாகும்போதுகூட அந்த ஆப்பிள் கடிக்காமலே கையிலேர்ந்து உருண்டு போச்சு. நேத்து கடிச்சாரே, அது அவருக்கு இனிச்சிருக்குமா?"