மீதிப் பத்து

வணக்கம். நான் கடலூர் முதுநகர்க்காரன், கத்தோலிக்கக் கிறிஸ்தவன். ஞானஸ்நானம், முதன்முதலாக அப்பம் வாங்கும் புதுநன்மை, கல்யாணம் எல்லாமே கோவிலில் முறைப்படி நடந்த ஆள். ஆனால் ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதில்லை. ஏன் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் உடம்பு சரியில்லை, வேலை இருந்தது என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இன்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் பங்குக் கோவிலை, அதாவது எங்கள் வட்டாரத்துக் கத்தோலிக்கருக்கான கோவிலை, பெருக்கினார். சம்பளம் கிடையாது, திருவிழாவுக்கு ஒரு சேலை தருவார்கள், அவ்வளவுதான். சனிக்கிழமை மதியம் சாவியோடு அவர் முன்னால் போக, சின்னப் பையனாக இருந்த நான் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். ஒவ்வொரு பெஞ்சுக்கு அடியிலும் துடைப்பத்தை விட்டு இழுக்கும்போது ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வார். பத்து பெஞ்சு முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து 'பிதாவுக்கும் சுதனுக்கும்' சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போவார். ஜெபமாலைக்கு மொத்தம் ஐம்பது மரியே. இரண்டு பக்கமும் சேர்ந்து இருபது, அப்புறம் ஈரத்துணி போட்டுத் துடைக்கும்போது இன்னொரு இருபது, மீதிப் பத்துக்கு வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார். கழுத்தில் ஜெபமாலை தொங்கும், கை வேலையில் இருப்பதால் அதைத் தொடவே மாட்டார். ஜெபம் என்றால் என்ன என்று எனக்கு வேறு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவர் இறந்த அன்று, உடம்பை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, அடக்கத்துக்கு நேரம் கேட்கப் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். பதிவேட்டைப் புரட்டினார்கள். பிள்ளை இல்லாத கைம்பெண், தனிக்குடும்ப அட்டை, நாலு வருஷக் கோவில் வரி பாக்கி. அதைக் கட்டினால்தான் துக்க மணி அடிக்க முடியும், குழி வெட்ட ஆள் சொல்ல முடியும் என்றார்கள். பெரிய தொகை இல்லை, கட்டிவிட்டேன். ரசீதுப் புத்தகத்தில் நீலக் கார்பன் தாளை நேராக்கி வைத்து, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அத்தை பேரை எழுதி, ரப்பர் ஸ்டாம்பை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஊதி, அழுத்திக் கொடுத்தார்கள். அந்த மேசைக்கு அடியில் இருந்த தரையைப் பெருக்கியதும் அவர்தான் என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவர் இல்லை, எனக்கு உட்கார நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். ஒரு நல்ல மனிதரே அப்படிக் கேட்கும்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதே, அதுதான் என்னைப் போட்டு ஆட்டியது.

ஏழைக் கைம்பெண் எருசலேம் கோவில் உண்டியலில் இரண்டு காசு போட்ட கதையை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்போம்! இருப்பதையெல்லாம் கொடுத்தாள், நீங்களும் கொடுங்கள் என்பார்கள். வீட்டுக்கு வந்து பைபிளில் மாற்கு 12-ஆம் அதிகாரத்தை நானாகவே திறந்து பார்த்தேன். அந்தக் கதைக்குச் சரியாக முன்னால், நீள அங்கி போட்டுக்கொண்டு தொழுகைக்கூடத்தில் முதல் இருக்கை தேடுகிற மறைநூல் அறிஞர்களைப் பற்றி, இவர்கள் கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்கள் என்று இயேசு சொல்கிறார். கதை முடிந்து அடுத்த அதிகாரம் தொடங்கியதும், இந்தக் கோவிலில் கல்லின் மேல் கல் நிற்காது என்கிறார். மூன்றையும் சேர்த்து வாசித்தால் அவர் அந்தக் கைம்பெண்ணைக் காட்டி உண்டியலை நிரப்பச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவளிடம் கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட இடத்தைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்திருக்கிறது.

வரி மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். 1745-இல் புதுச்சேரியில் அப்போதிருந்த சம்பா கோவில் என்ற கத்தோலிக்கக் கோவிலுக்குள், தலித் கிறிஸ்தவர்களைத் தனியாக உட்கார வைக்க ஒரு சுவர் இருந்ததையும், அவர்கள் போய் முறையிட்டதும் பாதிரியார் அதை இடித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சரி, அது பழைய கதை என்று விடலாமா? 2008 மார்ச்சில், இதே புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்குக் கோவில் கேட்டதை ஒட்டி வந்த மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் செத்தார்கள். ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிறவர்களுக்குள் நடந்தது இது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

இப்படித் தவித்தவன் நான் மட்டும் இல்லை. நம் பெண்ணையாறு கடலூர்க் கடலில் கலப்பதற்கு முன்னால் திருக்கோவிலூர் வழியாகத்தான் வருகிறது. பிரான்ஸிலிருந்து வந்த ஹென்றி லெ சோ என்கிற பெனடிக்ட் சபைத் துறவி, 1950-இல் குளித்தலைக்குப் பக்கத்தில் சாந்திவனம் ஆசிரமத்தை இன்னொரு குருவானவரோடு தொடங்கியவர், காவி கட்டி அபிஷிக்தானந்தா என்று பேர் வைத்துக்கொண்டவர், அந்தத் திருக்கோவிலூருக்கு வந்து இந்துத் துறவியான ஞானானந்த சுவாமிகளின் காலடியில் உட்கார்ந்தார். திருவண்ணாமலைக் குகைகளிலும் மௌனமாக இருந்திருக்கிறார். ஆனால் கத்தோலிக்கக் குருப்பட்டத்தைக் கடைசிவரை விடவில்லை. உள்ளே இருக்கவும் முடியாமல் வெளியே போகவும் மனசில்லாமல் அவர் பட்ட பாட்டை என்னால் நன்றாகவே புரிந்துகொள்ள முடிகிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாங்கள் ஐந்து பேர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூடுகிறோம். ஒருவர் முன்பு போன சபையில் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்காதவர்கள் பேரை மைக்கில் வாசித்தார்களாம், அந்த அவமானத்தில் விட்டு வந்தவர். ஒருவர் லுத்தரன் சபைக்காரர், ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிற முருக பக்தர். இயேசுவின் மலைப்பொழிவிலிருந்து நாலு வரி வாசித்துவிட்டு வெயில் ஏறும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்போம். போன மாதம் அதில் ஒருவர், டீச் செலவுக்கு மாதம் நூறு ரூபாய் போட்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கலாமே என்றார், நியாயமான யோசனைதான். எனக்கு மட்டும் அந்த நீலக் கார்பன் தாள் கண் முன்னால் வந்து நின்றது. வேண்டாம் அண்ணா, இருக்கிறவர் கொடுக்கட்டும், பேர் எழுத வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்.

அதே கடற்கரைக்கு 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அலை வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். அன்றைக்கு அத்தை யாரிடமும் அனுமதி கேட்காமல், தன்னிடம் இருந்த சாவியால் கோவிலைத் திறந்துவிட்டார். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பெஞ்சுகளில் குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள், பீடத்துத் துணிகூடப் போர்வையானது. அதற்கப்புறம் ஒரு வாரம் அத்தை மணலைக் கூட்டிக் கூட்டிக் கொட்டினார். என் வாழ்நாளில் நான் பார்த்த திருச்சபை அந்த ஒரு வாரம்தான். அதற்கும் ஒரு கட்டடம், ஒரு கதவு, ஒரு சாவி வேண்டியிருந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. அதனால்தான் முழுசாக விட்டுவிடவும் முடியவில்லை.

போன சனிக்கிழமை மதியம், ஆறு வருஷத்துக்கப்புறம், அந்தப் பக்கம் போனேன். கதவு பூட்டியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து மீதிப் பத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றி, வணக்கம்.