ஒழுகுற குழாயும் ஒரு வாரப் பாடமும்

வணக்கம். தொடக்கப் பள்ளி வகுப்பறையில் ஒரு வாரம் எப்படிப் போகும் என்று வானொலியில் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். என் வேலைக்காலம் பெரும்பாலும் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில்தான் போனது. ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு ரெண்டு பேர், அதில் ஒருவர் வட்டார வளமையத்துக்குப் பயிற்சி என்று போய்விட்டால் மிச்சம் இருப்பவர் தலையில் ஐந்தும். அதனால் நான் சொல்லும் வாரம், மூணாவது, நாலாவது, அஞ்சாவது மூன்றும் ஒரே அறையில் பாயில் உட்கார்ந்திருக்கும் வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை வரிசையாகச் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். புராஜெக்ட். கேட்டுக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிடும்போதுதான் பிள்ளை வாயைத் திறக்கும், "நாளைக்கு புராஜெக்ட் கொண்டு போகணும்பா" என்று. அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு எந்த ஸ்டேஷனரி கடை திறந்திருக்கிறது என்று சுற்றுவார். தெர்மாகோல் வெட்டி, பெயிண்ட் அடித்து, எரிமலையோ சூரியக் குடும்பமோ தயாராகவே வைத்திருப்பார்கள். பிள்ளை செய்த வேலை, அதன் மேல் பெயர் எழுதியது ஒன்றுதான். அதிலும் எரிமலை! நம் மாவட்டத்தில் எந்தப் பிள்ளை எரிமலையைப் பார்த்திருக்கிறது, சொல்லுங்கள். மதிப்பெண் போடும் ஆசிரியருக்கும் அது கடையில் வாங்கியது என்று தெரியும், வாங்கிக் கொடுத்த அப்பாவுக்கும் தெரியும், எல்லாரும் சேர்ந்து "சூப்பர்" என்போம். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கடைக்காரருக்குத்தான் சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வழக்கம் என்னவென்றால், ஒரு வாரத்துக்கு ஒரே பொருள். அது பள்ளிக்கூட வாசலுக்குள்ளேயே இருக்க வேண்டும், காசு கொடுத்து எதையும் வாங்கக் கூடாது, மொழி, கணக்கு, அறிவியல் மூன்றும் அதிலிருந்தே வர வேண்டும். ஒரு வாரம் புளியமரம். ஒரு வாரம் கேழ்வரகு. இன்றைக்கு நான் சொல்லப் போவது குழாய். சத்துணவுக் கூடத்துக்கு வெளியே இருந்த, வாய் மூடாத ஒரு குழாய்.

திங்கட்கிழமை வேறு ஒன்றும் செய்யவில்லை, கேள்வி மட்டும்தான். உங்கள் வீட்டுக்குத் தண்ணி எங்கிருந்து வருகிறது? ஒக்கேனக்கல் தண்ணி, அதாவது கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணி என்றார்கள் சிலர், போர் தண்ணி என்றார்கள் சிலர், ரெண்டும் என்றார்கள் சிலர். இதைக் கீழ்மட்டக் கரும்பலகையில் அவரவரே எழுதினார்கள். செயல்வழிக் கற்றல் என்று, பிள்ளைகள் அட்டைகளை வைத்து ஏணிப்படி போலப் படிப்படியாகத் தாங்களே கற்கும் முறை வந்தபோது பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றி அடித்த பலகை அது. 2007-08இல் மாநிலம் முழுக்க அந்த முறை வந்தது. அந்த அட்டைகளும் ஏணிப்படியும் போய்விட்டன, பலகை மட்டும் நிற்கிறது. அது ஒன்று மிஞ்சியதே போதும் என்பேன் நான்.

செவ்வாய்க்கிழமைதான் குழாய்க்குப் போனோம். சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஒருவன் ஐம்பத்தெட்டு என்றான், ஒருத்தி அறுபத்து மூணு என்றாள். ரெண்டு பேரும் சண்டை. அவன் எண்ணுவதற்குள் கண் சிமிட்டினான் என்று அவள் சொல்ல, அவள் ஒன்று ரெண்டை வேகமாகச் சொல்லிவிட்டாள் என்று அவன் சொல்ல, ஒரே ரகளை. சரி, இன்னொரு முறை எண்ணுங்கள், மூன்று முறை எண்ணுங்கள் என்றேன். எந்த முறையும் ஒரே விடை வரவில்லை, ஆனால் எல்லாம் அறுபதை ஒட்டியே வந்தது. அளந்தால் கொஞ்சம் முன்னே பின்னே வரத்தான் செய்யும் என்பது அங்கேயே புரிந்துபோனது, நான் விளக்கவே இல்லை.

எவ்வளவு தண்ணி என்று அளப்பது எப்படி? காய்ச்சல் மருந்து பாட்டிலின் மூடி இருக்கிறதல்லவா, உள்ளே கோடு போட்டு 5, 10 என்று மில்லிலிட்டர் எழுதியிருக்கும். வீட்டிலிருந்து கொண்டு வந்தார்கள். 10 மில்லி மூடி நிரம்ப ரெண்டு நிமிடம் ஆனது. அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்கு 30 மூடி, 300 மில்லி. இப்போது எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டத்தில், தொடக்க நிலைக்கு அரும்பு, அடுத்து மொட்டு, மேல் நிலைக்கு மலர் என்று பிள்ளைகளை நிலை பிரிக்கிறோம், 2022இலிருந்து. அந்தக் குழாயடியில் அரும்புப் பிள்ளை சொட்டை எண்ணியது, மலர்ப் பிள்ளை பெருக்கியது, யாரும் சும்மா உட்காரவில்லை.

நாள் ஒன்றுக்கு 300ஐ 24ஆல் பெருக்கி 7,200 மில்லி, ஏழு லிட்டருக்கு மேல் என்று பெரிய பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். பாடப்புத்தகக் கணக்காக இருந்தால் அதோடு முடிந்தது. ஆனால் மூணாவது படிக்கும் ஒரு பையன் சொன்னான், "டீச்சர், ராத்திரி டேங்க் காலியாயிடும். அப்புறம் எப்படி சொட்டும்?"

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அந்தப் பையனுக்குப் பெருக்கல் அவ்வளவாக வராது. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, அவன் பாட்டியோடு இருக்கிறான், வீட்டுக்குக் குடம் தூக்குவது அவன்தான். தண்ணி எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? பெருக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். உடனே ரெண்டு பேரை டேங்க் ஆபரேட்டரிடம் அனுப்பினோம். ஒரு நாளைக்குச் சுமார் 14 மணி நேரம்தான் அந்தக் குழாயில் தண்ணி நிற்கும் என்று தெரிந்தது. மறுபடி கணக்கு. 4,200 மில்லி. குடம் 15 லிட்டர் என்று வைத்தால் நாலு நாளுக்குள் ஒரு குடம் மண்ணுக்குப் போகிறது. "எங்க பாட்டி கேட்டா திட்டும்" என்றான் அவன்.

புதன்கிழமை தமிழ். அனுப்புநர், பெறுநர், ஐயா, வணக்கம் என்று ஊராட்சித் தலைவருக்குக் கடிதம். எல்லாப் பிள்ளையும் 4,200 மில்லி என்பதைத் தவறாமல் எழுதியது. கடிதம் போய்ச் சேருவதற்குள் ஒரு பெண்ணின் மாமா, ஊருக்கு வந்திருந்த பிளம்பர், சாவியும் வாஷருமாக வந்து ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிட்டார். பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று பார்த்தால், "இனி எதை டீச்சர் அளக்கறது?" என்று என்னிடம் கோபம்.

வியாழக்கிழமை அறிவியல். இதற்கு ரெண்டு எவர்சில்வர் தட்டு போதும். ஒன்றில் ஒக்கேனக்கல் தண்ணி, ஒன்றில் போர் தண்ணி, ரெண்டிலும் ஒரே அளவு, முற்றத்து வெயிலில் வைத்துவிட வேண்டும். சாயந்திரம் பார்த்தால் போர் தண்ணித் தட்டில் திட்டுத் திட்டாக வெள்ளைப் படலம், விரலால் தேய்த்தால் பொடி வருகிறது. தெளிவாகத் தெரிந்த தண்ணிக்குள் இவ்வளவு இருந்ததா என்று வாயைப் பிளந்தார்கள்.

உடனே ஒரு பெண், "பல்லுல கறை புடிக்கிறது இதுதானா டீச்சர்?" என்று கேட்டாள். அது வேறு. அந்த வெள்ளை பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. கறைக்குக் காரணம் ஃபுளோரைடு, கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. நம் மாவட்டத்துப் பாறையில் அந்தக் கனிமம் இருக்கிறது, ஆழத்தில் பாறை இடுக்கில் தங்கும் தண்ணியில் மெல்லக் கரைகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. பல் ஈறுக்குள்ளே உருவாகும் வயதில் அதைக் குடித்தால்தான் அந்தப் பழுப்புக் கறை. கேட்கும் தாய்மார்களுக்கு ஒன்று, காய்ச்சினால் இது போகாது. தண்ணி ஆவியாகி, உள்ளே இருப்பது இன்னும் கெட்டிப்படும். கிருமிக்குக் காய்ச்சுங்கள், ஃபுளோரைடுக்குக் காய்ச்சிப் பயனில்லை. திரும்பச் சொல்கிறேன், காய்ச்சினால் போகாது. இதற்காகத்தானே நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் ஒக்கேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து, 2013இல் தொடங்கினார்கள். அந்தத் தண்ணி வரும் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அதை வைத்துக்கொண்டு, போர் தண்ணியைத் துணி துவைக்க, பாத்திரம் கழுவ விட்டுவிடுங்கள். உங்கள் போர் தண்ணியில் எவ்வளவு இருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம். இதைப் பிள்ளைகளே வீட்டில் போய்ச் சொன்னார்கள். நான் சொன்னால் பாட்டிகள் கேட்க மாட்டார்கள், பேரன் சொன்னால் கேட்கிறார்கள்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ரெண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று ரெண்டு விரல் காட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமைக் கண்காட்சியைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், பரவாயில்லை, சுருக்கமாக. கண்காட்சியைச் சாயந்திரம் நாலு மணிக்கு வையுங்கள், நூறு நாள் வேலைக்குப் போன பாட்டிகள் அப்போதுதான் வர முடியும். சார்ட்டில் எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், அன்றைக்குச் சிவப்பு மையை எடுக்காதீர்கள். பிள்ளை தட்டைக் கையில் பிடித்து வாயால் விளக்கட்டும், ஆசிரியர் பின்னால் நின்றால் போதும். கேழ்வரகு வாரத்தை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.