ஜிம்மி பீட்டர்ஸை அந்த ஒரு மேட்சுக்கு மட்டும் ஏன் எடுக்கவில்லை?

வணக்கம் நண்பர்களே! இன்றைக்கு ரக்பி. ஜேம்ஸ் பீட்டர்ஸ், எல்லோருக்கும் ஜிம்மி. இங்கிலாந்து ரக்பி அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரர். பல இடங்களில் அந்த ஒரு வரியோடு இவர் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவே போதாது, மனிதர் அவ்வளவு நல்ல ஆட்டக்காரர்.

1879இல் சால்ஃபோர்டில் பிறந்தார். அப்பா ஜமைக்காக்காரர், சர்க்கஸில் சிங்கம் பழக்குபவர். கூண்டுக்குள் சிங்கங்கள் தாக்கியே இறந்துபோனார். பையனும் சர்க்கஸுக்குத்தான் போனான், சேணம் இல்லாத குதிரைமேல் வித்தை காட்ட. ஒருநாள் கை முறிந்தது. இனி இவனால் பிரயோஜனம் இல்லை என்று 11 வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் லண்டனில் அனாதை இல்லங்களில்தான் வளர்ந்தார்.

பிழைப்புக்குத் தச்சு வேலை. முதலில் பிரிஸ்டல் அணி, 1902இல் பிளிமத். ஆடிய இடம் ஃப்ளை ஹாஃப். இரு அணி வீரர்களும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரமிலிருந்து வரும் பந்தை வாங்கி, எதிராளிகள் மேலே வந்து விழுவதற்குள் பாஸா, உதையா, ஓட்டமா என்று முடிவெடுக்க வேண்டிய இடம் அது. 1906 மார்ச்சில் எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்கு எதிராக முதல் சர்வதேச ஆட்டம், இங்கிலாந்து 9-3 என ஜெயித்தது. ஐந்தே நாளில் பாரிஸில் பிரான்ஸை 35-8 என அடித்தார்கள். அதில் இவர் ஒரு டிரையும் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்டார்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதே வருஷம் அக்டோபரில் தென்னாப்பிரிக்க அணி பிளிமத்தில் டெவன் மாவட்ட அணியோடு ஆட வந்தது. டெவன் அணியில் பீட்டர்ஸைப் பார்த்ததும், கறுப்பரோடு ஆட மாட்டோம் என்று முரண்டு பிடித்தார்கள். தென்னாப்பிரிக்கத் தரப்பு உயர் அதிகாரியே சமாதானம் பேசித்தான் மைதானத்தில் இறங்கினார்கள். டிசம்பர் 8 அன்று அதே அணியோடு இங்கிலாந்து மோதியபோது, பட்டியலில் பீட்டர்ஸ் பெயர் இல்லை. ஆட்டம் 3-3 டிரா.

ஃபார்ம் போய்விட்டதோ என்று கேட்கலாம். 1907இல் அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆட்டங்களுக்குத் திரும்ப எடுத்தார்களே! 1908இல் வேல்ஸுக்கு எதிராகவும் ஆடினார். அந்த ஒரு மேட்சுக்கு மட்டும் வேண்டாதவராகிவிட்டார். இது விருந்தாளிக்குப் பயந்து சொந்த வீரரைக் கைவிட்ட வேலை, இதற்கு வேறு பெயர் கிடையாது. மொத்தம் 5 சர்வதேச ஆட்டங்கள். இவருக்குப் பிறகு இங்கிலாந்துக்கு அடுத்த கறுப்பின வீரர் வர 1988 ஆகிவிட்டது. அவர் கிறிஸ் ஓட்டி.

1910இல் கப்பல் பட்டறை விபத்தில் பீட்டர்ஸுக்கு மூன்று விரல்கள் போயின. தச்சருக்கு விரல்தான் சோறு, ஃப்ளை ஹாஃபுக்கும் அதேதான். ஆனாலும் ஆட்டத்தை விடவில்லை. இவர் ஆடியது ரக்பி யூனியன் என்ற வகை, அதில் அப்போது காசு வாங்கி ஆடுவது குற்றம். காசு வாங்கினார் என்று 1912இல் தடை போட்டார்கள். பிறகு வடக்கே போய், சம்பளம் கொடுத்து ஆடவைத்த ரக்பி லீக் என்ற இன்னொரு வகையில், பேரோ அணியிலும் பிறகு செயின்ட் ஹெலன்ஸிலும் ஆடினார், 35 வயதை நெருங்கிய காலத்தில்! கடைசியில் திரும்பவும் பிளிமத். 1954இல் அங்கேயே காலமானார்.

அடுத்த வீடியோவில், ரக்பி 1895இல் ஏன் இரண்டாக உடைந்தது என்று பேசலாம்.