சிக்குக் கோலம் அச்சில் ஏன் மங்கியது? மார்க்டவுன் புத்தகத்தில் படங்களை வைக்கும் முறை

வணக்கம். இந்தத் தாளைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன், நன்றாகப் பாருங்கள். இது எங்கள் அத்தை போடும் சிக்குக் கோலம். 15 புள்ளி, ஊடு புள்ளி, 8 வரை. கம்பி புள்ளியைச் சுற்றி வளைந்து வரும் இடம் இது. வளைவாகவே இல்லை, படிக்கட்டு மாதிரி இருக்கிறது. நடுவில் புள்ளியும் கம்பியும் ஒட்டிக்கொண்டு எது எதுவென்றே தெரியவில்லை. கோலப் புத்தகத்தில் புள்ளி தெரியாவிட்டால் அதைப் பார்த்து ஒருவரும் கோலம் போட முடியாது. அத்தை பல வருடமாக நோட்டில் வரைந்து வைத்திருப்பதைப் புத்தகமாக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் புரூஃப் இப்படி வந்தது.

புத்தகத்தை மார்க்டவுனில் எழுதுகிறேன், தலைப்பு, படம் எல்லாவற்றையும் சின்னக் குறிகளால் காட்டும் வெறும் எழுத்துக்கோப்புதான். அதைப் பாண்டாக்கிடம் கொடுத்தால் இணையப் பக்கம், அச்சுக்குப் பிடிஎஃப், போனில் படிக்க ஈபப், அத்தை மகள் திருத்தம் போட வேர்டு என்று நான்கும் வந்துவிடும். ஜான் மேக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் 2006-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. என் எழுத்து வாழ்க்கையே இப்போது இதன் மேல்தான் நிற்கிறது.

எழுத்து நான்கிலும் ஒழுங்காக வந்தது. படம்தான் வரவில்லை. நான் வைத்திருந்தது 600 பிக்சல் அகலமுள்ள பிஎன்ஜி, அதாவது பிக்சல்களால் ஆன படக்கோப்பு. திரையில் பளிச்சென்று இருந்தது. அதையே தாளில் 6 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 100 பிக்சல்தான் கிடைக்கும். நல்ல அச்சுக்கு 300 வேண்டும், அதாவது 1800 பிக்சல்.

அப்படியானால் பெரிய பிஎன்ஜி போட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கோலம் என்பது கோடும் வளைவும். அதைப் பிக்சலாக்கவே தேவையில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் வரைந்தால் கோடுகளாகவே சேமிக்கும் எஸ்விஜி கோப்பாக இருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் வளைவு வளைவாகவே நிற்கும். இணையப் பக்கமும் ஈபப்பும் எஸ்விஜியை அப்படியே எடுத்துக்கொள்ளும். பிடிஎஃப் பக்கம் போனால்தான் தடங்கல். பாண்டாக் பிடிஎஃப் செய்யப் பின்னால் லேடெக் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளை ஓட்டுகிறது. தமிழ் என்பதால் நான் அதன் ஒரு வகையான ஜீலேடெக் பயன்படுத்துகிறேன். லேடெக்குக்கு எஸ்விஜி நேரடியாகத் தெரியாது. பிடிஎஃப், பிஎன்ஜி, ஜேபெக் தெரியும். அதனால் அச்சுக்குக் கோலப் படத்தையும் பிடிஎஃபாக மாற்றிக் கொடுக்கிறேன். வேர்டுக்கு நான் 1800 பிக்சல் பிஎன்ஜியே கொடுத்துவிடுகிறேன், பழைய வேர்டு வைத்திருப்பவர்களும் திறக்க வேண்டும் இல்லையா?

ஆக ஒரே கோலம் மூன்று வடிவத்தில் வேண்டும். அப்போது மார்க்டவுனில் எந்தக் கோப்பின் பெயரை எழுதுவது? இதற்காக ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனிப் பிரதி வைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒன்றில் திருத்துவோம், மற்றது அப்படியே நின்றுவிடும்.

எந்தப் பெயரையும் முழுதாக எழுத வேண்டாம். எக்ஸ்டென்ஷனை, அதாவது கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து வரும் வடிவக் குறியை, விட்டுவிட்டுக் 'கோலம்15' என்று மட்டும் எழுதுங்கள். பாண்டாக்கை ஓட்டும்போது 'டிஃபால்ட் இமேஜ் எக்ஸ்டென்ஷன்' என்ற ஆப்ஷனில் பிடிஎஃப் என்றோ எஸ்விஜி என்றோ பிஎன்ஜி என்றோ கொடுத்தால் எல்லாப் பெயரோடும் அதுவே சேர்த்துக்கொள்ளும். எந்த வடிவம் வேண்டும் என்பது வெளியீட்டின் கவலை, எழுத்துக்கோப்பு அதைச் சுமக்க வேண்டியதில்லை.

ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். கோப்புக்கு 'கோலம்15.8' என்று பெயர் வைத்திருந்தேன். பெயருக்குள் புள்ளி இருந்ததால் '.8' என்பதையே எக்ஸ்டென்ஷன் என்று பாண்டாக் எடுத்துக்கொண்டது, வேறு எதையும் சேர்க்கவில்லை. படம் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலை முழுக்கப் போனது. கோப்புப் பெயரில் புள்ளி வேண்டாம், சிறு கோடு போடுங்கள். அப்புறம், இந்த ஆப்ஷன் மார்க்டவுன், லேடெக் மூலக்கோப்புகளுக்கு மட்டும்தான். ஆர்க் மோட் என்ற வேறு எழுத்துமுறையில் எழுதுபவர்கள் பாண்டாக்கோடு சேர்ந்து ஓடும் சின்ன நிரல் (லுவா ஃபில்டர்) ஒன்று எழுதிக்கொள்ள வேண்டும்.

வாசலில் எடுத்த புகைப்படங்களுக்கு இந்த வேலையே இல்லை. ஜேபெக் நான்கிலும் போகும், 'ஜேபிஜி' என்று முழுப் பெயரே எழுதிவிடுங்கள். வெப்பி என்ற பட வடிவம் மட்டும் வேண்டாம். இணையத்தில் நன்றாக இருக்கும், லேடெக் எடுக்காது.

படத்துக்குள் தமிழ் எழுத்து இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 'இங்கே தொடங்கவும்' என்று அம்புக்குறி போட்டு எழுதியிருந்தேன். தமிழ் எழுத்துரு இல்லாத ஒரு மின்நூல் கருவியில் அது கட்டம் கட்டமாக வந்தது. இணையப் பக்கத்திலும் படமாகச் செருகிய எஸ்விஜிக்குள் பக்கத்தின் வெப் ஃபாண்ட் நுழையாது. அதனால் ஏற்றுமதி செய்யும்போது இங்க்ஸ்கேப்பில் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிவிடுகிறேன். மாற்றிய பிறகு அது வெறும் வரைபடம், தேட முடியாது, திருத்தவும் முடியாது. ஆகையால் எழுத்து எழுத்தாகவே இருக்கும் மூலப் படத்தைத் தனி ஃபோல்டரில் பத்திரமாக வைத்திருக்கிறேன். படத்தின் விளக்கத்தை மார்க்டவுனில் தமிழில் எழுதுகிறேன், திரைவாசிப்பான் வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

மூலத்திலிருந்து மூன்று வடிவங்களையும், அவற்றை வைத்து நான்கு புத்தகங்களையும் செய்யும் வேலையை ஒரு மேக்ஃபைலில், அதாவது 'மேக்' என்ற கருவி படிக்கும் கட்டளைக் கோப்பில், எழுதிவிட்டேன். எந்தப் படம் மாறியதோ அதை மட்டும் மறுபடி செய்யும். அகலத்தை மார்க்டவுனிலேயே 80 சதவீதம் என்று குறித்துவிட்டேன், இல்லாவிட்டால் ஒரு வெளியீட்டில் கோலம் பக்கத்தை நிறைத்து நிற்கும், இன்னொன்றில் மூலையில் சுருங்கிக் கிடக்கும்.

சரி, இது இரண்டாவது புரூஃப். அதே கோலம், அதே அளவு. கம்பி எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது பாருங்கள். நேற்று அத்தையிடம் கொடுத்தேன். விரல் வைத்து நடு வரிசையை எண்ணினார், 15 இருந்தது. அப்புறம் ஓரத்தில் ஒரு இடத்தைத் தொட்டு, "இங்க கம்பி திரும்பாம நேரா போகுதேப்பா" என்றார். நான்தான் தவறாக வரைந்திருக்கிறேன். லேப்டாப்பைத் திறந்து மூலப் படத்தில் அந்த ஒரு வளைவைத் திருத்தி, 'மேக்' என்று அடித்தேன். அத்தை காபியைக் குடித்து முடிப்பதற்குள் நான்கு புத்தகத்திலும் கம்பி திரும்பிவிட்டது.