ரத்தக் கொதிப்பில் வெள்ளணுக்களின் பங்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ரத்தக் கொதிப்புக்குக் காரணம் என்ன என்று கேட்டால் உப்பு, சிறுநீரகம், பரம்பரை, உடல் பருமன் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள் அந்த வரிசையில் வருவதில்லை. ஆனால் அழுத்தம் ஏறுவதிலும், ஏறியது இறங்காமல் நிற்பதிலும், கடைசியில் மாரடைப்பு வருவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு.

2007-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனைத் தொடர்ந்து செலுத்தினால் சாதாரண எலிக்கு அழுத்தம் நன்றாக ஏறும். வெள்ளணுக்களில் இரு வகையான டி செல், பி செல் இரண்டும் இல்லாமல் பிறந்த எலிகளுக்கு அந்த அளவுக்கு ஏறவில்லை. அவற்றுக்கு டி செல்களை மட்டும் கொடுத்ததும் அழுத்தம் பழையபடி ஏறியது. பி செல்களைக் கொடுத்தபோது ஏறவில்லை. டி செல்கள் வெறுமனே வேடிக்கை பார்ப்பவை அல்ல என்பது அப்போது உறுதியாயிற்று.

இது எப்படி நடக்கிறது? அழுத்தம் கொஞ்சம் கூடும்போதே ரத்தக்குழாயிலும் சிறுநீரகத்திலும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் அதிகமாகின்றன. அவை அங்குள்ள கொழுப்பைச் சிதைக்கின்றன. சிதைந்த கொழுப்பு நம் சொந்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்ள, எதிர்ப்பு மண்டலம் அந்தப் புரதத்தை அந்நியப் பொருள் என்று எடுத்துக்கொள்கிறது. டி செல்கள் கிளம்பி, குழாயின் வெளிச்சுவரிலும் சிறுநீரகத்திலும் போய்க் குவிகின்றன. அங்கே அவை விடும் இன்டர்லூக்கின்-17, இன்டர்ஃபெரான்-காமா போன்ற பொருட்களால் சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்து வைக்கிறது. குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது. அழுத்தம் மேலும் ஏறுகிறது, டி செல்கள் மேலும் வருகின்றன. உப்பும் சும்மா இருப்பதில்லை. சோடியம் மிகுந்த சூழலில் இன்டர்லூக்கின்-17 சுரக்கும் டி செல்கள் கூடுதலாக உருவாவதை 2013-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

வெள்ளணுக்கள் இப்படிக் குவிந்து திசுவைப் புண்படுத்துவதைத்தான் அழற்சி என்கிறோம். இதயக்குழாயிலும் இதே அழற்சிதான் வேலை செய்கிறது. எல்.டி.எல். கொழுப்பு குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து தங்குகிறது. அதை அகற்ற வரும் வெள்ளணுக்கள் அளவுக்கு மீறி விழுங்கி, நுரை செல்களாகி அங்கேயே மடிகின்றன. அந்தக் குவியலை ஒரு நார்ப்படலம் மூடியிருக்கும். அழற்சி நீடித்தால் வெள்ளணுக்கள் விடும் நொதிகள் அந்தப் படலத்தை அரித்துவிடும். வெடித்த படிவுகளைச் சோதித்தபோது, படலம் பெரும்பாலும் 65 மைக்ரானுக்கும் குறைவாக, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்கு, மெலிந்திருந்தது. அது கிழிந்ததும் மேலே ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. பாதி அடைப்புகூட இல்லை என்று நிம்மதியாக இருந்தவருக்கும் திடீரென மாரடைப்பு வருவது இப்படித்தான்.

அப்படியானால் அழற்சியை அடக்கினால் போதாதா? 2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வு இதைச் சோதித்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி. அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்த பத்தாயிரம் பேர் அதில் பங்கேற்றார்கள். அழற்சியை அடக்கும் கனகினுமாப் ஊசியை 3 மாதத்துக்கு ஒரு முறை 150 மில்லிகிராம் போட்டதில், எல்.டி.எல். குறையாமலேயே மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. ரத்த அழுத்தமும் இறங்கவில்லை. ஆகவே அழற்சி மருந்து ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு மாற்று என்று யார் சொன்னாலும் தயவுசெய்து நம்பாதீர்கள்.

கௌட் வாதத்துக்குத் தரும் கோல்சிசின், தினம் 0.5 மில்லிகிராம் அளவில், இதயக்குழாய் நோயாளிகளுக்குப் பலன் தந்ததாக 2019, 2020 ஆய்வுகள் சொல்லின. 2024-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் அதை எடுத்தாலோ, கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தாலோ உடலில் அது தேங்கி விஷமாகும். டாக்டர் எழுதித் தராமல் தொடவே கூடாத மருந்து அது.

எனக்கு அதிகக் கவலை தருவது வலி மாத்திரைகள்தான். அழற்சியைக் குறைக்கும் என்று இபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் இரண்டையும் பலர் தினமும் விழுங்குகிறார்கள். அவை சிறுநீரகத்தில் புரோஸ்டாகிளாண்டினைத் தடுப்பதால் உப்பும் நீரும் தேங்கி அழுத்தம் ஏறும். ரத்தக் கொதிப்புக்கான எனாலாப்ரில் அல்லது லோசார்டான், கூடவே நீர் மாத்திரை, அதோடு வலி மாத்திரை என மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென முடங்கலாம். பாரசிட்டமாலிலும் கவனம் வேண்டும்: ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தினம் 4 கிராம் வீதம் இரண்டு வாரம் எடுத்தபோது மேல் அழுத்தம் சுமார் 5 புள்ளி ஏறியது.

சி.ஆர்.பி. பரிசோதனை செய்வதானால் உயர் நுண்ணுணர்வு (hs-CRP) வகையைக் கேளுங்கள். அளவு 10-ஐத் தாண்டினால் சளி, பல் சீழ் மாதிரி ஏதோ ஒரு தொற்று இருக்கலாம். அது ஆறி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முடக்குவாதம், சொரியாசிஸ், லூபஸ் உள்ளவர்கள் அந்த நோயைக் கட்டுக்குள் வைப்பதோடு இதயப் பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது. அவர்கள் எடுக்கும் ஸ்டீராய்டும் சைக்ளோஸ்போரினும்கூட அழுத்தத்தை ஏற்றக்கூடியவை.

இன்னொன்று ஃப்ளூ. உறுதியான ஃப்ளூ தொற்றுக்குப் பிறகு வரும் முதல் 7 நாட்களில் மாரடைப்பு ஆபத்து சுமார் 6 மடங்கு கூடுவதை 2018-இல் ஒரு கனடா ஆய்வு காட்டியது. மாரடைப்பு வந்தவர்களுக்கு 3 நாட்களுக்குள் ஃப்ளூ தடுப்பூசி போட்டபோது ஓராண்டுக்குள் இறப்பு குறைந்ததை 2021 ஆய்வு காட்டியது. இதயநோய் உள்ளவர்கள் ஆண்டுதோறும் அதைப் போட்டுக்கொள்ளலாம். காய்ச்சலில் படுத்திருக்கும்போது நெஞ்சில் பாரமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ, காரணமில்லாத வியர்வையோ வந்தால் காய்ச்சல் அசதி என்று விட்டுவிடாமல் உடனே போய் ஈ.சி.ஜி. எடுங்கள்.