கருவும் கொள்ளும் அழற்சி

நேயர்களுக்கு வணக்கம்.

37 வாரங்கள் நிறைவதற்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டால், ‘பாரம் தூக்கினாயா, பப்பாளி தின்றாயா’ என்று தாயை நிறுத்தி விசாரிப்பது நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இத்தகைய பிறப்புகளில் பலவற்றுக்கு, குறிப்பாக மிக முன்கூட்டி நேரும் பிரசவங்களுக்கு, பனிக்குடத்துக்குள் ஓசையின்றி நடக்கும் அழற்சியே, அதாவது கிருமிக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினையே, காரணமாக இருக்கிறது. தாய்க்குக் காய்ச்சல் இருக்காது. வயிற்றில் வலியும் தெரியாது.

பிறப்புப் பாதையில் சாதாரணமாக வாழும் நுண்ணுயிரிகள் சில வேளைகளில் கருப்பைவாயைக் கடந்து பனிக்குட நீரை அடைகின்றன. அவற்றை எதிர்க்க உடல் சுரக்கும் சைட்டோகைன் என்னும் புரதங்கள் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளின் சுரப்பைத் தூண்டுகின்றன. அது கருப்பையைச் சுருங்க வைக்கிறது, கருப்பைவாயை இளக்குகிறது. இந்தப் போராட்டத்தைத் தாயின் உடல் மட்டுமே நடத்துவதாக நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 1998இல் மருத்துவ ஆய்வாளர் ராபர்ட்டோ ரொமேரோவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. பிரசவத்துக்கு முன்பே தொப்புள்கொடியிலிருந்து எடுத்த இரத்தத்தில், இன்டர்லூகின்-6 என்னும் சைட்டோகைன் மில்லிலிட்டருக்கு 11 பிக்கோகிராமுக்கு மேல் இருந்த கருக்களுக்குப் பிறந்தபின் கடுமையான உடல்நலக் கேடுகள் கூடுதலாக நேர்ந்ததை அவர்கள் கண்டார்கள். பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவீட்டிலிருந்து, கருவும் தன் முழு உடலாலும் அழற்சி கொள்கிறது என்ற கருத்து உருவாயிற்று. அந்த அழற்சி முதிராத நுரையீரலையும் மூளையில் நரம்பிழைகள் செல்லும் வெண்பொருளையும் பாதிக்கக்கூடியது.

கிருமிதான் காரணம் என்றால் ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். மருத்துவர்களுக்கும் தோன்றியது. பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்த ‘ஆரக்கிள்’ என்னும் ஆன்டிபயாட்டிக் ஆய்வுகளின் முடிவுகள் 2001இல் வெளியாயின. பனிக்குடம் உடையாமல், நோய்த்தொற்றின் வெளிப்படையான அறிகுறியும் இல்லாமல் முன்கூட்டியே வலி கண்ட 6,295 பெண்கள் அவற்றுள் ஒன்றில் பங்கேற்றார்கள். மருந்தால் குழந்தைகளுக்குப் பயன் எதுவும் தெரியவில்லை. பயன் இல்லாவிட்டால் கேடும் இல்லை என்று அத்துடன் கோப்பை மூடியிருக்கலாம். ஆய்வாளர்கள் மூடவில்லை; பிரிட்டனில் பிறந்த குழந்தைகளின் நிலையை 7 வயதில் மீண்டும் விசாரித்தார்கள். 2008இல் வந்த முடிவின்படி, எரித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக் பெற்ற தாய்மாரின் பிள்ளைகளில் 3.3 விழுக்காட்டினருக்கு, உடல் அசைவைப் பாதிக்கும் பெருமூளை வாதம் இருந்தது. அம்மருந்து பெறாதவர்களின் பிள்ளைகளில் அது 1.7 விழுக்காடு.

ஏன் இப்படி நேர்ந்தது என்பதற்கு முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கிருமியைக் குறைத்தாலும் அது மூட்டிய அழற்சி தணிந்துவிடுவதில்லை. அத்தகைய கருப்பைக்குள் கருவை இன்னும் சில நாள் இருத்தி வைப்பது அதற்கு நன்மையாக இல்லாமல் போகலாம். அப்படிப் பார்த்தால், முன்கூட்டிய வலியை ஒரு பிழை என்று மட்டும் கொள்ள முடியாது. கரு தப்பிக்கத் தேடும் வழியாகவும் அது இருக்கக்கூடும். இதை எண்ணித்தான் பிரசவ வலியை நிறுத்தும் மருந்துகளிடம் மருத்துவர்களாகிய நாங்கள் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக் குழந்தையின் நுரையீரலை முதிர்விக்க வேண்டிய ஓரிரு நாள் அவகாசத்துக்கே அவற்றைப் பயன்படுத்துகிறோம். அந்த ஊசியின் பயனை நியூசிலாந்து மருத்துவர்கள் லிகின்ஸும் ஹோவியும் 1972லேயே எடுத்துக்காட்டிவிட்டார்கள்.

பனிக்குடம் முன்னதாகவே உடைந்துவிட்ட தாய்க்கு நிலைமை வேறு. ஆரக்கிளின் மற்றொரு பிரிவில் இத்தகைய பெண்களுக்கு எரித்ரோமைசின் பயன் தந்தது. 7 வயதில் பிள்ளைகளிடம் கேடும் காணப்படவில்லை. ஆகவே நீர் கசிந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி வருகிறதே என்று மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்காதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். குறைமாதத்தில் குழந்தை பிறந்தால், நஞ்சுக்கொடியையும் தொப்புள்கொடியையும் நோயியல் ஆய்வுக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். தொப்புள்கொடியின் இரத்தக்குழாய்கள் குழந்தைக்குச் சொந்தமானவை. அவற்றின் சுவரில் வெள்ளணுக்கள் திரண்டிருந்தால், அவை குழந்தையின் உடல் அனுப்பியவை. பப்பாளியைக் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அந்த அறிக்கையைக் காட்டலாம்.

வணக்கம்.